கடல் உப்பில் அயோடின் இல்லை: ராமநாதபுரக் கரையில் சத்தும் தண்ணீரும்

தங்கச்சிமடத்தை ஒட்டிய வில்லூண்டித் தீர்த்தத்துக்குப் போனவர்கள் அந்த வியப்பை அறிவார்கள். நான்கு பக்கமும் கடல் அலைகிறது. நடுவில் ஒரு கிணறு. வாளியை விட்டு இறைத்து வாயில் ஊற்றிக்கொண்டால் உப்புக் கரிப்பதில்லை. ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம். தனுஷ்கோடி மணலிலும் இதே கதைதான்: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்.

என் அப்பத்தா அப்படி ஊற்றில் தண்ணீர் எடுத்தவர். குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் மெல்ல மெல்லக் கோரி, குடத்தின் வாயில் கட்டிய வேட்டித் துணியில் ஊற்றுவார். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். சிறுவனாக நான் அவசரப்பட்டுக் குழியை ஆழப்படுத்தப் போனால் கையைத் தட்டிவிடுவார். "ஆழமாகத் தோண்டாதே ஐயா, உப்பு ஏறிவிடும்" என்பார். அது வெறும் நம்பிக்கை என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். நிலத்தடி நீரியல் படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால் ஒரு கணக்கு அமைகிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் பயம் தெரியும். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். சிரட்டைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்த மணல், மோட்டாருக்குக் கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாவட்டத்தில் வைட்டமின், தாது, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி எதைப் பேசினாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடப் புத்தகங்களில் ஊட்டச்சத்துப் பட்டியலின் கடைசி வரியில் 'நீர்' என்று இருக்கும். இங்கே அதுதான் முதல் வரி.

நம் உடம்பும் அந்த மணல்திட்டைப் போன்றதுதான். வளர்ந்த ஒருவரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர். அது ஒரே தண்ணீராக இல்லை. செல்களுக்கு வெளியே சோடியம் மிகுந்த நீர், உள்ளே பொட்டாசியம் மிகுந்த நீர்; நடுவில் மெல்லிய சவ்வு. நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்குவதும், இதயம் அடிப்பதும் இந்த இரண்டு நீருக்கும் இடையிலான வேறுபாட்டை வைத்துத்தான். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றவே உடம்பு ஓயாமல் உழைக்கிறது.

கடலில் தவித்தவர்கள் ஏன் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பதும் இதே கணக்குதான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் ரத்தத்தில் லிட்டருக்கு 9 கிராம் அளவு. சிறுநீரகம் தன் முழுத் திறனையும் காட்டினாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்றும். அப்படியானால் ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தவன் அந்த உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரை இழக்கிறான். குடிக்கக் குடிக்க வறண்டுபோவான். எஞ்சின் பழுதாகித் திசை மாறிய படகில் இரண்டு நாள் கிடந்தவர்கள் கடைசித் துளியையும் கேனிலேயே தேடுவது அதனால்தான்.

நாம் குடிப்பது கடல்நீர் இல்லையே என்று தோன்றும். ஆனால் கடற்கரைக் கிணறுகளில் பாதி உப்பான தண்ணீர் நெடுங்காலமாகக் குடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் தண்ணீரிலேயே ஒன்றரை கிராம் சோடியம் உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல்வரம்பே 2 கிராம்தான், அதாவது 5 கிராம் உப்பு. குழம்பும் கருவாடும் ஊறுகாயும் இன்னும் தட்டுக்கு வரவில்லை. வங்கதேசக் கடலோரத்தில் உப்பேறிய தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளிடம் ரத்த அழுத்தம் அதிகம் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கரைப் பெண்களுக்கு அது தொலைதூரச் செய்தி ஆகாது. பேறுகாலத்தில் கால் வீங்குகிறது, தலை வலிக்கிறது என்றால் உடனே அழுத்தம் பார்த்துவிட வேண்டும். வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. வராத நாட்களில் தள்ளுவண்டியில் நான்கு, ஆறு குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவதை மாவட்டம் முழுக்கக் காணலாம். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது. இவற்றோடு வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர். இந்திய தர நிர்ணயம் குடிநீரில் கரைந்த மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. சவ்வு வைத்து வடித்த கேன் தண்ணீரில் அது ஐம்பது, அறுபதுக்குக்கூட இறங்கிவிடும். சோடியம் போவது நல்லது. கூடவே கால்சியமும் மக்னீசியமும் போய்விடுகின்றன. "கேன் தண்ணீர் குடித்தால் எலும்பு தேயும்" என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. தண்ணீரிலிருந்து கிடைக்கும் கால்சியம் எப்போதுமே சிறு பங்குதான். சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் கவலை வேண்டாம். சாப்பாட்டிலும் இல்லையென்றால் கேன் தண்ணீர் அந்தக் குறையைக் கொஞ்சம் கூட்டும்.

சாப்பாட்டில் கால்சியம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தக் கரையில் விடை வலையிலேயே இருக்கிறது. நெத்திலி, காரல், சூடை. முள்ளோடு மென்று தின்னும் மீன்கள். வளர்ந்தவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. வஞ்சிரத் துண்டு ஒன்றைத் தின்றால் புரதம் கிடைக்கும்; முள்ளை எறிந்துவிடுவதால் கால்சியம் பெரிதாகக் கிடைக்காது. நெத்திலியில் எறிவதற்கு ஒன்றும் இல்லை. சூடையிலும் சாளையிலும் கொழுப்பு உண்டு, அந்தக் கொழுப்பில் வைட்டமின் டி உண்டு. குடலில் கால்சியத்தை உள்ளே இழுப்பது அந்த டிதான். பூட்டும் சாவியும் ஒரே மீனில் கிடைப்பது அரிது, இங்கே கிடைக்கிறது.

ஆனால் இந்தச் சின்ன மீன்களில் பெரும்பகுதி சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, ஒதுக்கப்படுகிறது. இழுவைப் படகு கரைக்கு வந்ததும் இறாலும் நண்டும் கணவாயும் ஏற்றுமதிக்குப் பிரிகின்றன. பெரிய மீன் மதுரைக்கும் கேரளத்துக்கும் ஐஸ் பெட்டியில் ஏறுகிறது. மிஞ்சிய பொடிமீன் வெயிலில் காய்ந்து கோழித் தீவன ஆலைக்குப் போகிறது. மீன் இறங்குதளத்தில் அந்தக் குவியலைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பக்கத்துத் தெருவில் ரத்தசோகையோடு ஒரு பெண் இருப்பாள். அங்கன்வாடியில் எடை ஏறாத குழந்தை இருக்கும். கோழிக்குப் போகிற அந்தச் சுண்ணாம்பும் இரும்பும் துத்தநாகமும் அவர்களுக்கு உரியவை.

கருவாடும் நல்ல உணவே. ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டால் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, நம் கரையில் மிக உறுதியாக நம்பப்படும் ஒரு தவறு. "நாங்கள் கடலோரம் இருக்கிறோம், உப்பளத்துக் கல் உப்புத்தான் போடுகிறோம், அயோடின் எங்களுக்குக் குறையாது." வாலிநோக்கத்தைச் சுற்றிய ஊர்களில் பாத்தியிலிருந்து நேரே வாங்கிய உப்பு மூட்டையை வீட்டுக்கு வீடு காணலாம். கடலில் அயோடின் இருப்பது உண்மை. ஆனால் மிகச் சொற்பம்: லிட்டருக்கு 50, 60 மைக்ரோகிராம் அளவுதான். பாத்தியில் வெயில் ஏற ஏற முதலில் சுண்ணாம்பு உப்புகள் படிகின்றன, பிறகு சமையல் உப்பு படிகிறது. அந்த உப்புப் படிகத்துக்குள் அயோடின் சேர்வதே இல்லை என்று சொல்லலாம். கொஞ்சம் காற்றோடு போகிறது; மிச்சம் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரில் தங்குகிறது. வெள்ளை வெளேரென்று அள்ளி வருகிற கல் உப்பில் அது கிட்டத்தட்ட இல்லை.

அதனால்தான் ஆலையில் பொட்டாசியம் அயோடேட் கலக்கிறார்கள். 1974இல் தொடங்கிய அரசின் தமிழ்நாடு உப்புக் கழகமும் இதே மாவட்டத்தின் கடலோரத்தில்தான் உப்பு விளைவித்து, அயோடின் சேர்த்த உப்பையும் விற்கிறது. கணக்கு எளிது. பத்து லட்சத்தில் 30 பங்கு அயோடின் கொண்ட உப்பில் 5 கிராம் எடுத்தால் 150 மைக்ரோகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதும் அதே 150. கர்ப்பிணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அயோடின் இல்லையென்றால் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை தெரியும். தெரியாமல் நடப்பதுதான் கொடுமை: கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி மந்தமாகிறது. உப்பைத் திறந்த சட்டியில் அடுப்போரம் வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மூடியுள்ள டப்பாவில் வைத்து, சமைத்து இறக்கும்போது போடுவது மேல்.

கடலில் அயோடினைச் சேர்த்து வைத்திருப்பவை பாசியும் மீனும்தான். உலகில் முதன்முதலாக அயோடின் கண்டுபிடிக்கப்பட்டதே பாசிச் சாம்பலிலிருந்துதான். 1811இல் பிரான்சில் பெர்னார் குர்த்துவா அந்தச் சாம்பலில் அமிலம் ஊற்றியபோது ஊதா நிறப் புகை எழுந்தது. நம் பெண்கள் பாறையிலிருந்து பறிக்கும் கட்டக்கோரையும் அயோடின் சேர்த்து வைக்கிற பாசிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது அப்படியே ஆலைக்குப் போகிறது. மீன் தின்கிற வீட்டுக்கு ஓரளவு அயோடின் மீனிலேயே வந்துவிடும். விரதம், வறுமை, கடலுக்குப் போக முடியாத புயல் மாதங்கள் என்று மீன் வராத நாட்களும் உண்டு. அந்த நாட்களுக்கு உப்புதான் காவல்.

வைட்டமின்களுக்கு வந்தால் தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 1912இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற பெயரை வைத்தார். 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 குறைவதால் வரும் 'பெரிபெரி' நோய்க்கான ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஆந்திரக் கடலோரத்தில் கால் மரத்து, இதயம் வீங்கி மக்கள் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழகத்தில் அந்த நோய் பரவவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிகள் அந்தப் பெயரை அறியாமலே பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இந்த மாவட்டத்து வறண்ட நிலத்தில் விளையும் சிவப்புச் சித்திரைக்கார் அரிசியை அதிகம் தீட்டாமல் உண்டால் இந்தப் பயன் இன்னும் கூடும்.

பி வகையும் சி-யும் தண்ணீரில் கரைபவை. அரிசியை நான்கைந்து முறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் அவையும் சாக்கடைக்குப் போகும். வடிகஞ்சியைக் குடிப்பதும், பழைய சோற்று நீராகாரத்தில் ஒரு கல் உப்புப் போட்டுக் குடிப்பதும் அறிவுள்ள பழக்கங்கள். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தசை பிடித்துக்கொள்ளும். நீராகாரம் அதை ஈடுசெய்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இதே தத்துவம் உயிர் காக்கும்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை குடலுக்குள் நுழையும்போது சோடியத்தைக் கையோடு இழுத்துப் போகிறது. சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகிறது. 1971இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாம்களில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலை அண்டா அண்டாவாகக் கலக்கி எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். சுகாதார நிலையத்தில் இந்தக் கரைசலுக்கான பொட்டலமே கிடைக்கும். அதுதான் அளவில் சரியானது.

ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை, உடம்பில் தங்குபவை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் கரையின் அன்பு. புட்டு சில நாள் தின்பதில் தவறில்லை. ஆனால் பெரிய சுறாக்கள் தாம் தின்ற மீன்களின் பாதரசத்தையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும், அடிக்கடி வேண்டாம். ஈரலிலும் ஈரல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ மிகச் செறிவு. மாலைக்கண்ணுக்கு அது மருந்து. கர்ப்பிணிக்கு அளவு மீறினால் கருவுக்கே கேடு. ஐந்து வயதுக்குள் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்க்கும் இதில் பங்கு உண்டு. ஹங்கேரியின் செகெத் நகரில் ஆல்பெர்ட் சென்ட்-ஜார்ஜி வைட்டமின் சி-யைப் பேரளவில் பிரித்தெடுத்தது மிளகாய் வகையிலிருந்துதான். 1937இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் செடியிலிருக்கும் பச்சை மிளகாய்க்குத்தான் அந்தப் பெருமை. களத்தில் வெயிலில் காய்ந்து வற்றலானதும் சி-யில் பெரும்பகுதி போய்விடும். சிவப்பு நிறத்தில் வைட்டமின் ஏ-யின் மூலப்பொருள் ஓரளவு தங்கும்.

சி இல்லாமல் இரும்பும் சரியாக உள்ளே போவதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டிலும் அது இருக்கிறது. கீரையில் உள்ள இரும்பு குடலில் எளிதில் ஏறாத வகை. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஏறும். கூட மீன் இருந்தால் ஏறும். முருங்கைக்கீரையோடு நெத்திலிக் கருவாடு போட்டுப் பிரட்டும் நம் சமையல் அந்த வகையில் மிகச் சரியானது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அத்தனையும் கெடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு நாள் கரையில் இருந்தேன். விரல் விரலாகத் துணி சுற்றி, பாறை கிழிக்காமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலையில் இறங்கியவர்கள் ஐந்து மணி நேரம் முங்கி முங்கி எழுந்தார்கள். சுற்றிலும் தண்ணீர், உடம்போ வறள்கிறது. வேர்ப்பது தண்ணீருக்குள் தெரிவதில்லை. தாகமும் தாமதமாகத்தான் தெரியும். இப்படி வருடக்கணக்கில் குறைத்துக் குடித்தால் சிறுநீர் செறிந்து கல் சேரும், கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

படகில் ஏறி உட்கார்ந்த ஒரு அக்காவிடம் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிக்கலாம் தம்பி. குடித்துவிட்டு எங்கே போவது?" என்றார். படகில் ஆண்கள் இருக்கிறார்கள், தீவில் மறைவில்லை, கரையில் பாசி காயப்போடும் இடத்திலும் கழிப்பறை இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் பாட்டில் பையின் மேலேயே இருந்தது. மதியம் ஒன்றரை மணிக்குக் கரையேறி அவர் அதைத் திறந்தபோது இரண்டு மடக்குதான் குறைந்திருந்தது.